காட்டில் இல்லாத மான்

அத்தியாயம் 5

வாய் திறக்காத மனிதனைக் காப்பாற்றப் போவதைவிட வாயில்லாத மானுக்கு வக்கீலாகப் போகலாம் என்று அந்த வெள்ளிக்கிழமை காலை ரஞ்சினிக்குத் தோன்றியது. நான்கு நாள். நான்கு நாளாகத் துப்பறிவாளரான அவளும் அவளுடைய உதவியாளர் கிறிஸ்தோப்பரும் வுப்பர்டால் நகரத்து மேட்டையும் பள்ளத்தையும் ஏறி இறங்கிச் செருப்பைத் தேய்த்ததுதான் மிச்சம். மாலை ஐந்து மணிக்குள் ஒரு பெயர் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது. இப்போது மணி பதினொன்று.

முடியப்போவது பாலச்சந்திரனின் வேட்டை உரிமம். ஐம்பத்திரண்டு வயது, கருவித் தொழிற்சாலையில் காலை வேலை. ஜெர்மனியில் துவக்கு எடுத்து ஒரு மானைச் சுட வேண்டுமென்றால் காடு, விலங்கு, சட்டம், நாய் என்று சகலத்திலும் பரீட்சை எழுத வேண்டும். இந்த மனிதர் இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாம் தடவை தேறியவர். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனத்துக்குள்ள, துவக்குக்காகப் பரீட்சை எழுதின ஒரே ஆள் இவர்தான் பிள்ளை," என்று முதல் நாளே கிறிஸ்தோப்பர் சொல்லிவிட்டார். மன்னாரில் பிறந்து, இங்கே முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்ந்த ஐம்பத்தாறு வயது மனிதர் அவர். ரஞ்சினியின் காரை ஓட்டுவது பாதி வேலை. மீதி வேலை, யாரும் கேட்காமலே கருத்துச் சொல்வது.

குற்றச்சாட்டு இதுதான். ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை இங்கே சிறு மான்களுக்குக் கூடும் பருவம். பெண் மானின் குரல் கேட்டால் கொம்பன், அதாவது ஆண் மான், அறிவு கெட்டு ஓடி வரும். வேட்டைக்காரர்கள் உதட்டில் இலையை வைத்து ஊதி அந்தக் குரலை எழுப்புவார்கள். அது வித்தை, ஆகவே அனுமதி உண்டு. பதிவு செய்த குரலை ஒலிக்கும் மின்பெட்டியை வைத்து அழைப்பது ஏமாற்று, ஆகவே கூடாது. அந்தக் காட்டைக் குத்தகைக்கு வைத்திருக்கும் ஓவர்பெக் என்ற கிழவர் பாலச்சந்திரனுக்குக் கீழ்ப் புல்வெளியில் ஒரு பரண் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை அந்தப் புல்வெளிக்குச் சற்று அப்பால் ஒரு மின்பெட்டி அகப்பட்டது. வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மாவட்ட வேட்டை அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிடப் போவதாக ஓவர்பெக் சொல்லிவிட்டார். முறைப்பாடு போனால் உரிமமும் போகும், துவக்கும் போகும்.

பாலச்சந்திரனோ "அது என்ரை இல்லை" என்று ஒரு தடவை சொன்னதோடு சரி. ரஞ்சினியை அமர்த்தியதே அவருடைய தம்பி சதீசன்தான், அதுவும் அண்ணனைக் கேட்காமல். ரஞ்சினி மூன்று தடவை போய்ப் பேசிப் பார்த்தாள். சுவரோடு பேசியிருந்தால் எதிரொலியாவது வந்திருக்கும். புதன்கிழமை மாலை ஆளைப் பின்தொடர்ந்தும் பார்த்தார்கள். வேட்டை உடுப்போடு வீட்டை விட்டுப் புறப்பட்டவர், காட்டுக்குப் போகாமல், நகரத்தின் தலைக்கு மேலே ஓடும் தொங்கு ரயிலில் ஏறினார். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். இரண்டரை மணி நேரம். கிறிஸ்தோப்பர் பின் இருக்கையில் நித்திரையாகிவிட்டார். ரஞ்சினிக்கு அழுகைதான் வந்தது.

பெட்டியைக் கண்ணால் பார்க்கக்கூட ஓவர்பெக் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத்தான் டெர்மின் என்று நேரம் குறித்துக் கொடுத்தார். ஒரு செங்கல் அளவுப் பெட்டியைப் பார்க்க நான்கு நாள் காத்திருப்பு. ஐந்து வயதிலேயே இந்த நாட்டுக்கு வந்திருந்தும், நாற்பத்திரண்டாவது வயதிலும் டெர்மின் என்ற சொல்லைக் கேட்டால் ரஞ்சினிக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

ஓவர்பெக்கின் முற்றத்து மேசையில் பெட்டி இருந்தது. பச்சை நிறம், முன்பக்கம் ஒலிபெருக்கி, பின்பக்கம் சின்னத் திரை. கிழவர் மரியாதையானவர்தான். ஆனால் முடிவெடுத்துவிட்ட மரியாதை. மின்கலன் மூடியைத் திறந்து உட்புறத்தைக் காட்டினார். விரல் நுனி அளவில் கரும்சிவப்பாக ஒரு கறை. மானின் இரத்தம் என்றார். பழைய வேட்டையின் இரத்தம் ஒட்டிய கையுறையோடு மின்கலன் மாற்றியிருக்கிறான், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டார்.

ரஞ்சினி கறையை உற்றுப் பார்த்தாள். சிவப்பைச் சுற்றி மஞ்சளாக ஒரு விளிம்பு. நகத்தால் மெல்லச் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு விரலைக் கிறிஸ்தோப்பரிடம் நீட்டினாள்.

"நான் வேதக்காரன்," என்று கிறிஸ்தவரான அவர் தமிழில் முணுமுணுத்தார். "எனக்கே தெரியுது. சந்தனமும் குங்குமமும்."

புதிதாக ஒரு சாமான் வாங்கினால் பொட்டு வைக்காமல் தொடாத வீடுகள் உண்டு. கார், தையல் மெஷின், மைக்ரோவேவ், எதுவானாலும் முதலில் சந்தனம், அதன் மேல் குங்குமம், பிறகுதான் சுவிட்ச். மானின் இரத்தம் இல்லை என்பது தீர்ந்தது. ரஞ்சினிக்கு ஒரு கணம் சந்தோஷம் வந்தது, அடுத்த கணமே அது செத்துப்போனது. இந்தக் காட்டுக்குள் கால் வைக்கிற ஒரே சைவத் தமிழன் பாலச்சந்திரன்தான். இரத்தமாக இருந்திருந்தால் யார் கையிலிருந்தும் ஒட்டியிருக்கலாம் என்று வாதாடலாம். பொட்டு என்று வாய் திறந்து சொன்னால் அவர் கழுத்தில் அவளே சுருக்கை மாட்டியதாகிவிடும்.

"நாலு நாளில கிடைச்ச முதல் தடயம்," என்றார் கிறிஸ்தோப்பர். "அதுவும் எங்கட ஆளையே கொல்லுது. வாழ்த்துகள் பிள்ளை."

இது இரத்தமில்லை, ஒருவகைச் சாயம் என்று மட்டும் ரஞ்சினி ஓவர்பெக்கிடம் சொன்னாள். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. சத்தத்தைக் கேட்கலாமா என்று கேட்டாள். பொத்தானை அழுத்தினார். தும்மலும் இருமலும் கலந்த ஒரு குரல் தொடர்ச்சியாகக் கிளம்பியது. மேசைக்கடியில் படுத்திருந்த நாய் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டது.

இது எந்த மான் என்று கேட்டதற்கு ஓவர்பெக் தோளைக் குலுக்கினார். அறுபது வருடம் காட்டில் இருந்தும் இப்படி ஒரு அருவருப்பான சத்தத்தைக் கேட்டதில்லையாம். ரஞ்சினி திரையில் இருந்த எழுத்தைப் பார்த்துக் கைபேசியில் தேடினாள். புரோங்ஹார்ன். கவைக் கொம்பும் வெள்ளை வயிறும் உள்ள அமெரிக்கப் புல்வெளி மான். கோடை முடிகிற நேரத்தில் ஆண் மானுக்குச் சவால் விட அங்கே இந்தச் சத்தத்தைப் போடுவார்களாம். ஜெர்மனியில் இதன் வாலைக்கூட யாரும் கண்டதில்லை.

அப்படியென்றால் வேட்டை தெரிந்தவன் இதை வைத்திருக்க மாட்டான் அல்லவா என்று அவள் மடக்கினாள். புதியவன் வைப்பான், மூன்று தடவை பரீட்சை எழுதியவன் நிச்சயம் வைப்பான் என்று கிழவர் திருப்பி மடக்கினார். ரஞ்சினிக்குச் சுர்ரென்று ஏறியது. அடக்கிக்கொண்டு, சத்தம் எப்போதெல்லாம் கேட்டது என்று கேட்டாள்.

ஓவர்பெக் தன் காட்டுக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து வந்தார். ஜூலை இருபத்தொன்பது, செவ்வாய்க்கிழமை முதல் தடவை. அன்றிலிருந்து தினமும் மாலை ஐந்து முதல் ஏழு மணி வரை. ஞாயிறும் கேட்டது. பாலச்சந்திரன் பரணில் இருந்தது செவ்வாய் முதல் சனி வரை ஐந்து மாலைகள், ஒரு குண்டுகூடச் சுடவில்லை. அதுதான் சந்தேகத்துக்கு உரம் என்றார் கிழவர். இரண்டு தடவை நல்ல கொம்பன் இருபது அடியில் வந்து நின்றதைத் தன் தூரக்கண்ணாடியில் கண்டாராம். ஆள் துவக்கைத் தூக்கவே இல்லை. இதைவிடப் பெரியதைப் பெட்டி கூட்டி வரும் என்று காத்திருந்திருக்கிறான், அவ்வளவுதான்.

ரஞ்சினி புத்தகத்தின் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைதான் அவளை உறுத்தியது. அன்று பரணில் யாருமே இல்லை. யாருமில்லாத பரணுக்கு மானை எதற்குக் கூப்பிட வேண்டும்? ஓவர்பெக்கிடம் கேட்டாள். பெட்டியில் நேரம் குறித்து வைக்கலாம், நிறுத்த மறந்திருப்பான் என்றார். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தார் மனிதர்.

பெட்டி அகப்பட்ட இடத்தைப் பார்க்க ரஞ்சினியும் கிறிஸ்தோப்பரும் நடந்தார்கள். பரணிலிருந்து புல்வெளியைக் கடந்து, ஒரு சின்ன ஏற்றம் ஏறி, மறுபக்கம் இறங்கினால் ஒரு வேலி. வேலிக்கு அந்தப்பக்கம் தார் வீதி, ஒரு பஸ் தரிப்பிடம், வரிசையாக வீடுகள். பெட்டியைக் கட்டியிருந்த நார் அடையாளம் வேலிக் கம்பத்தில் இன்னும் இருந்தது. ரஞ்சினியின் தோளுக்குக் கீழே, பஸ் தரிப்பிடத்திலிருந்து கையை நீட்டினால் எட்டும் தூரத்தில். ஓவர்பெக் ஒரு வாரமாகப் பரணைச் சுற்றித் தேடியதில் பிழையில்லை. இந்த இடத்தில் எந்த வேட்டைக்காரன் தேடுவான்?

கிறிஸ்தோப்பர் திரும்பி நின்று பரணைப் பார்க்க முயன்றார். ஏற்றம் மறைத்தது. பரணிலிருந்து இந்த இடம் தெரியாது, தெரிந்தாலும் வீடுகளை நோக்கி யாரும் சுட மாட்டார்கள்.

"சுட ஏலாத இடத்துக்கு மானைக் கூப்பிடுறான்," என்றார். "மானுக்கு அவசரமா பஸ் பிடிக்க வேண்டிக் கிடக்கோ?"

ரஞ்சினி சிரிக்கவில்லை. அவர் பகிடிக்குச் சொன்னதுதான் நான்கு நாளில் யாரும் சொன்ன முதல் புத்தியுள்ள வார்த்தை என்று அவளுக்குப் பட்டது. பெட்டி மானைத் துவக்குக்கு அழைக்கவில்லை. துவக்கிலிருந்து அப்பால் அழைத்திருக்கிறது. வைத்தவர் வேட்டைக்காரர் இல்லை. எந்த மானின் குரல் என்றுகூடத் தெரியாதவர். உயரம் குறைந்தவர். பஸ்ஸில் வந்து போகிறவர். புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்கிறவர்.

தரிப்பிடத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்தாள். வீதிக்கு அந்தப்பக்கம் இருந்தது ஒரு முதியோர் இல்லம். அங்கே சமையலறையில் யார் வேலை செய்கிறார்கள் என்பது சதீசன் முதல் நாளே பேச்சோடு பேச்சாகச் சொன்ன விஷயம். அவள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

இரண்டு மணிக்குப் பாலச்சந்திரன் தொழிற்சாலை வாசலில் வேலை முடிந்து, ஒரு வாங்கில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி இருந்தார். புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், ஒரு துண்டு மாங்காய். ரஞ்சினி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கிறிஸ்தோப்பர் கொஞ்சம் தள்ளிச் சுவரில் சாய்ந்து நின்றார்.

முறைப்பாடு போகட்டும், தன்னைச் சும்மா விடும்படி பாலச்சந்திரன் கேட்டார். களைத்துப்போன குரல். பெட்டி தன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னார். நான்கு நாள் இல்லை இல்லை என்று இருந்தவர் இப்போது ஆம் என்கிறார்.

"அப்ப அந்தப் பெட்டியில என்ன மானின்ரை சத்தம் வச்சனீங்கள் அண்ணை?" என்று ரஞ்சினி கேட்டாள்.

"இஞ்சத்தைச் சிறு மான்தான். பெட்டை மான்."

"அதில கிடக்கிறது அமெரிக்க மான். அதுவும் கிடா."

பாலச்சந்திரன் புட்டைப் பிசைவதை நிறுத்தினார். ரஞ்சினி அவர் சாப்பாட்டைப் பார்த்தாள். எத்தனை நாளாகச் சைவம் என்று கேட்டாள். ஊரில் நல்லூர்க் கோயில் கொடியேற்றத்திலிருந்து என்றார். திருவிழா இருபத்தைந்து நாளும் வீட்டில் மச்சம் மாமிசம் கிடையாது, அது கலியாணம் கட்டிய நாள் முதல் வழக்கம். கொடி எப்போது ஏறியது என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஜூலை இருபத்தொன்பது. செவ்வாய்க்கிழமை.

அவள் கைபேசியை எடுத்து ஓவர்பெக்கின் பக்கத்தைக் காட்டினாள். பெட்டி முதல் தடவை இருமிய தேதியை விரலால் தொட்டாள். "உங்கட மனிசி ராஜேஸ்வரி அக்காதான் வச்சவா. உங்களுக்குத் திங்கட்கிழமையே தெரியும். மூடியில கிடந்த பொட்டை ஓவர்பெக் உங்களுக்குக் காட்டினவர், நீங்கள் கண்ட உடன வாயை மூடிப்போட்டீங்கள்."

பாலச்சந்திரன் சாப்பாட்டுப் பெட்டியை மடியிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு பேசத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. மகள் யதுசா லைப்சிக்கில் இருக்கிறாள். இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போய், இது மூன்றாவது, ஏழாம் மாதம். ஆஸ்பத்திரியில் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று படுக்க வைத்திருக்கிறார்கள். கொடி ஏறுவதற்கு முதல் நாள் மனைவி அவரிடம், இந்த இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டாரால் ஒரு உயிர் போகக்கூடாது, நேர்ந்திருக்கிறேன் என்று சொன்னாள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? சாப்பிடக்கூடாது என்றுதானே விரதம், நான் சாப்பிடப் போகவில்லை, சுடத்தான் போகிறேன் என்றார். கொம்பன் வருகிற பருவம் வருடத்தில் மூன்று கிழமைதான், அதை விட ஏலாது என்றார். பெரிய சண்டை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

ரஞ்சினிக்கு அவர் தலையில் சாப்பாட்டுப் பெட்டியைக் கவிழ்க்கலாம் போல இருந்தது. சைவச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு மான் சுடப் போகிற விரதகாரரை அவள் இன்றுதான் பார்க்கிறாள்.

தன்மேல் முறைப்பாடு இருப்பதே மனைவிக்குத் தெரியாது என்றார் பாலச்சந்திரன். பெட்டியை யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். சந்தேகம் வரக்கூடாது என்றுதான் அவர் தினமும் வேட்டை உடுப்போடு புறப்பட்டுத் தொங்கு ரயிலில் சுற்றுகிறார்.

"அவவுக்குத் தெரிஞ்சா, தன்னாலதான் எல்லாம் போச்சு எண்டு உடைஞ்சு போவா. இண்டைக்கு இரவு லைப்சிக்குக்குப் போறா, பிள்ளைக்குப் பக்கத்தில இருக்க. அழுதுகொண்டு போகக்கூடாது. எனக்கு உரிமம் போனால் போகட்டும். அவவிட்டைச் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ."

இரண்டு தடவை தோற்றுப் பெற்ற காகிதம். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிய காகிதம். அதைத்தான் போனால் போகட்டும் என்கிறார். ரஞ்சினிக்கு வேறு வழி இருக்கவில்லை. சத்தியம் பண்ணினாள். தன் நான்கு நாள் உழைப்பையும் தானே குழி தோண்டிப் புதைத்தாள்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓவர்பெக்கின் முற்றத்தில் பாலச்சந்திரன் உரிமத்தை மேசையில் வைத்தார். முறைப்பாட்டுக் காகிதம் எழுதி முடிந்து, கையெழுத்துக்காகக் காத்திருந்தது. கிழவர் பேனையைத் தேடி எடுத்தார். ரஞ்சினி எல்லாம் தெரிந்தும் வாயைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெட்டி சுட முடியாத இடத்தில் இருந்ததை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் யார் வைத்தது, பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டார் ஓவர்பெக். நல்ல நேரம் பார்த்து இந்தக் கிறிஸ்தோப்பரும் பெட்ரோல் அடிக்கப் போகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்துக்கு மூன்று நிமிடம். கார் வந்து முற்றத்தில் நின்றது. முன் கதவைத் திறந்துகொண்டு, சமையலறை மேலங்கியோடு, குள்ளமாக, நெற்றியில் திருநீறோடு ராஜேஸ்வரி இறங்கினாள். ரஞ்சினி கிறிஸ்தோப்பரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கள் சத்தியம் பண்ணினீங்கள்," என்றார் அவர். "நான் சுவரில சாய்ஞ்சுதானே நிண்டனான்."

ராஜேஸ்வரி யாரையும் பார்க்கவில்லை. நேரே மேசைக்குப் போய்ப் பெட்டியின் மேல் கையை வைத்தாள். தன்னுடைய சமையலறை ஜெர்மனில், இது என்னுடையது, இணையத்தில் நான் வாங்கியது, வேலைக்கு வரும்போது மின்கலனும் நான்தான் மாற்றியது, இவருக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரே மூச்சில் சொன்னாள். இலக்கணம் சிதறியது, ஆனால் ஒரு சொல்லும் தடுமாறவில்லை.

ஓவர்பெக் கண்ணாடியைக் கழற்றினார். கணவனைக் காப்பாற்ற மனைவி சொல்வதை அப்படியே நம்ப அவர் ஒன்றும் நேற்றுப் பிறந்தவரில்லை. பெட்டியில் இருபது விலங்குகளின் குரல் இருக்கிறதே, எதற்காக இந்த விலங்கைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டார்.

படத்தில் அதுதான் வடிவாக இருந்தது என்றாள் ராஜேஸ்வரி.

கிழவரின் மீசை துடித்தது. இந்தப் பதிலை யாராலும் சோடிக்க முடியாது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. மானைக் கொல்லாமல் இருக்கவா இதைச் செய்தாய் என்று கேட்டார். ஆமாம் என்று அவள் காரணத்தைச் சொன்னாள். மகள், ஏழாம் மாதம், இருபத்தைந்து நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள்.

ரஞ்சினிக்கு அப்போது ஓவர்பெக்கின் புத்தகம் நினைவுக்கு வந்தது. கொம்பன் இரண்டு தடவை இருபது அடியில் வந்து நின்றது. துவக்கைத் தூக்கவே இல்லை. பாலச்சந்திரனின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, மான் வந்து நிண்டதுதானே. ஏன் சுடேல்லை?"

பாலச்சந்திரன் தரையைப் பார்த்தார். "எதால சுடுறது? தோட்டா வீட்டு அலுமாரிக்குள்ள பூட்டிக் கிடக்கு. கொடி ஏறின நாளில இருந்து ஒண்டும் எடுக்கேல்லை."

ராஜேஸ்வரி பெட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப என்னத்துக்குப் போனனீங்கள்?"

"சண்டை பிடிச்சுப்போட்டு, சரி போகேல்லை எண்டு எப்பிடி உம்மட்டைச் சொல்லுறது? சும்மா போய் இருந்தனான். இலையை ஊத வருகுது, நிண்டு பாக்குது. வடிவா இருக்கும். பிறகு உம்மட கோதாரிப் பெட்டி இருமும். ஓடிப்போயிடும்."

கிறிஸ்தோப்பர் வானத்தைப் பார்த்தார். ரஞ்சினி கேட்டதை ஓவர்பெக்குக்கு ஜெர்மனில் சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லச் சொல்ல அவளுக்குள் ஆத்திரம் பொங்கியது. ஒரே வீடு, ஒரே விரதம், ஒரே நேர்த்தி. இரண்டு பேரும் அதையே காத்தார்கள், இரண்டு பேரும் அதையே ஒளித்தார்கள். ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடிக்கிற நேரம் உட்கார்ந்து கதைத்திருந்தால் ரஞ்சினி நான்கு நாள் நாயாக அலைந்திருக்க வேண்டாம், புதன்கிழமை இரண்டரை மணி நேரம் தொங்கு ரயிலில் தொங்கியிருக்கவும் வேண்டாம். அதைத் தமிழில் உரக்கவே சொன்னாள். இருவரும் தலை குனிந்து கேட்டார்கள்.

ஓவர்பெக் முறைப்பாட்டுக் காகிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். தோட்டா இல்லாதவன் வேட்டையாடவில்லை, மனைவி வேட்டைக்காரி இல்லை, அந்த மிருகம் இந்தக் கண்டத்திலேயே இல்லை, இதில் தான் எதை எழுதுவது என்று எரிச்சலோடு கேட்டார். உரிமத்தைப் பாலச்சந்திரனிடம் நீட்டினார். பெட்டியை ராஜேஸ்வரியிடம் கொடுத்து, இனி இது தன் வேலியில் தென்பட்டால் நாய்க்குப் போட்டுவிடுவேன் என்றார். பிறகு, பிள்ளை பிறந்ததும் தனக்குச் சொல்லும்படி கேட்டுவிட்டு உள்ளே போனார்.

காருக்குப் போகிற வழியில் பாலச்சந்திரன் பெட்டியைச் சுமந்தார். ராஜேஸ்வரி இரண்டடி முன்னால் நடந்தாள். பரணுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை வந்த இடத்தில் அவர் கொஞ்சம் நின்றார். நல்லூரில் கடைசித் தீர்த்தம் முடியும்போது மான்களின் பருவமும் முடிந்துவிடும். இந்த வருடம் போனது போனதுதான். அவர் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு பரண் இருந்த பக்கம் பார்த்தார்.

ராஜேஸ்வரி திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"அடுத்த வருசம் கொடி பிந்தித்தான் ஏறுது. உங்கட மான் பருவம் முடிஞ்ச பிறகு."

"எப்ப பாத்தனீர்?"

"பெட்டி வாங்க முதலே கலண்டரில பாத்திட்டன். அப்ப பேரப்பிள்ளையும் வந்திருக்கும்." கார்க் கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகுதான் மிச்சத்தைச் சொன்னாள். "அண்டைக்குத் தோட்டாவையும் கொண்டு போங்கோ."